ஒட்டுப்பால் சுற்றிய அகப்பை

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள்.

வாரா வாரம் மன்னிப்புக் கேட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன் என்று ஆசிரியர் குறைப்பட்டுக்கொள்கிறார். என்ன செய்வது? தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாயைத் திறக்கக் கூசுகிறவள். அப்படிப்பட்டவள் ஊரெல்லாம் படிக்கிற பத்திரிகையில் இடம் போட்டு உட்கார்ந்துகொண்டு பேசுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் போன செவ்வாய்க்கிழமை நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பாதியிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார், மீதியைக் கேட்கவில்லை. மீதி உங்களுக்கு.

ரந்தாவ் கடைத்தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். நின்றிருந்தேன் என்றால்... கம்பத்தில் சாய்ந்திருந்தேன். என் மூட்டுகளைப் பற்றிப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்கு ஒரு வரி: எனக்குக் கீல்வாதம். விரல், மணிக்கட்டு, முழங்கால் — மூன்று இடத்திலும் அது குடியேறி வெகுகாலமாகிறது. காலி செய்கிற எண்ணமே இல்லை.

ஒரு பஸ் வந்து நின்றது. நான் அசையவில்லை. அசையாததைப் பார்த்து, பாவம், ஏற முடியவில்லை போலிருக்கிறது என்று ஒருவர் நினைத்துவிட்டார்.

"ஏறுங்கம்மா, பயப்படாதீங்க லா, நான் இருக்கேன்!"

பின்னாலிருந்து இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து ஒரே தூக்கு. நான் பஸ்ஸுக்குள் இருந்தேன். உள்ளேயிருந்த ஓர் அம்மாள் என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இன்னொருவர் எழுந்து இடம் கொடுத்தார். கண்டக்டர் விசில் ஊதினார்.

எவ்வளவு நல்ல மனிதர்கள்! ஒரே ஒரு குறை. அது என் பஸ் இல்லை.

நான் போக வேண்டியது லிங்கி ரோட்டில். அது சிரம்பான் பஸ்.

சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். சொல்லத்தான் வாயெடுத்தேன். பஸ்ஸே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட சந்தோஷம் அத்தனை முகத்திலும். அதை எப்படிக் கெடுப்பது? சிரம்பான் வரை போனேன். அங்கேயும் இரண்டு பேர் சேர்ந்து தூக்கி இறக்கினார்கள். நன்றி சொல்லிவிட்டு, அவர்கள் கண்ணில் படாமல் சுற்றி வந்து, திரும்பி வருகிற பஸ்ஸைத் தேடினேன்.

வீட்டு வாசலில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார்.

"எங்க போயிட்டே?"

"சிரம்பானுக்கு."

"அங்க என்ன வேல?"

"ஒரு வேலையும் இல்லீங்க."

"அப்புறம் எதுக்குப் போனே?"

"தூக்கி விட்டாங்க. போனேன்."

அங்கே தொடங்கிய சிரிப்புதான். சனிக்கிழமை வரை அடங்கவில்லை.

அவர் சிரிக்கட்டும். உதவி செய்ய வருகிறவர்களைக் கண்டால் எனக்கு நன்றியும் உண்டு, உள்ளூர ஒரு நடுக்கமும் உண்டு. அந்த நடுக்கம் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் வந்தது. ஜப்பான்காரனால் வந்தது இல்லை... அடுத்த வீட்டுப் பாக்கியத்தால் வந்தது.

*

அப்போது ரந்தாவுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரத் துரை போய்விட்டார். ஜப்பான் துரை வந்துவிட்டார். ரப்பரை வாங்க ஆள் இல்லை. மரங்களில் பாதியைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டோம். காலையில் அதைத் தின்றோம். இரவிலும் அதைத் தின்றோம். நடுவில் பசித்தால் அதையே நினைத்துக்கொண்டோம்.

திடமான ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பினார்கள். என் வீட்டுக்காரரும் போனார். கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். லாரியில் கால் வைக்கும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்:

"வீட்ட விட்டு எங்கயும் போயிடாத. வந்தா இந்தக் கதவத்தான் தட்டுவேன்."

அப்புறம் ஒரு தகவலும் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் ஒன்று, அதற்கு ஒரு கதவு, அதற்குள் நான்.

இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அவர் அடுத்த அறையில் குறட்டை விடுகிறார். ஆகவே அவர் வந்து சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது தெரியாது. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கீல்வாதம் அதற்கு முன்பே வந்துவிட்டது. பால் வடிய ரப்பர் மரத்துப் பட்டையை வெட்டிக்கொண்டிருந்த கை, ஒரு மழைக்காலத்தில் உளியைப் பிடிக்க மறுத்தது. அப்புறம் விளக்குமாற்றை. அப்புறம் சோற்றுக் கரண்டியை. அவர் இருந்தவரை பாதி வேலையை அவர் பார்த்துக்கொண்டார். போன பிறகு? முதல் சில நாள் அழுதேன். அழுதால் கிழங்கு வேகாது என்று தெரிந்தபின் வேறு வழி யோசித்தேன்.

என் விரல்களுக்கு மெல்லியதைப் பிடிக்கத்தான் வராது. தடிமனானதைப் பிடிக்க வரும். அகப்பைக் காம்பு மெல்லிசு. கத்திப்பிடி மெல்லிசு. சரி, தடிமனாக்கிவிட்டால்?

ரப்பர்த் தோட்டத்தில் இருந்துகொண்டு இதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மரத்தில் வெட்டிய கோட்டில் மிச்சப் பால் காய்ந்து பட்டைபோல ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டுப்பால் என்போம். அதை உரித்தெடுத்து, இழுத்து இழுத்து அகப்பைக் காம்பில் சுற்றினேன். கத்தியில் சுற்றினேன். ஊதாங்குழலில், கிணற்றுக் கயிற்றின் நுனியில், கதவுத் தாழ்ப்பாளில்... கண்ணில் பட்டதிலெல்லாம் சுற்றினேன். கொஞ்ச நாளில் புகை பட்டுக் கறுத்து, ஒவ்வொன்றும் யானைக்கால் வந்ததுபோல நின்றது. நாற்றம் வேறு. ஆனால் கைக்குள் அடங்கியது! வழுக்கவில்லை!

இதோ, இந்தப் பேனாவிலும் சைக்கிள் டியூப் சுற்றித்தான் எழுதுகிறேன். ஆசிரியர் கண்டுகொள்ளாததுபோல இருக்கிறார்.

ஒரு பலகையில் ஆணி அடித்து வைத்தேன். மரவள்ளியை அதில் குத்தி நிறுத்திவிட்டால் உருளாது. ஒரு கையாலேயே உரிக்கலாம். தண்ணீருக்கு, பாதியாக வெட்டிய மண்ணெண்ணெய் டின். விரலால் தூக்காமல் முழங்கையில் மாட்டிக்கொண்டு வருவேன். நாலு நடைக்குப் பதில் எட்டு நடை. போகட்டும், எனக்கு வேறு என்ன அவசரம்? ரவிக்கைக்குக் கொக்கி போட வராது. ரப்பர்க் கொட்டையில் துளை போட்டுப் பொத்தானாகத் தைத்துக்கொண்டேன். பளபளவென்று, பார்க்கவும் நன்றாகவே இருந்தது. நன்றாக இருந்தது என்று நான் சொல்கிறேன். லயத்தில் வேறு யாரும் சொன்னதாக நினைவில்லை.

பாக்கியத்துக்கு இதெல்லாம் பிடிக்கவே பிடிக்காது. அவள் என்னைவிட இளையவள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் கொட்டகையில் வேலை. யாராவது தும்மினால்கூட ஓடிவந்து மூக்கைத் துடைத்துவிடுகிற சுபாவம்.

"என்னக்கா இது, அகப்பையில செத்த எலியக் கட்டி வச்சிருக்கீங்க! எங்கிட்டச் சொன்னா நான் வந்து கிண்டி விட மாட்டேனா?"

"நீ ஒரு நாளைக்குக் கிண்டுவே. ரெண்டு நாளைக்குக் கிண்டுவே."

"தினம் கிண்டுவேங்கா!"

"அப்ப நான் எதுக்குப் பாக்கியம் தினம் எந்திரிக்கணும்? அப்படியே படுத்துக் கிடந்திடலாமே."

அவளுக்குக் கோபம் வந்துவிடும். போய்விடுவாள். அடுத்த நாள் காலையில் மறுபடி வந்து நிற்பாள்.

*

ஒரு நாள் உத்தரவு வந்தது. வேறு தோட்டத்து ஆட்களை எங்கள் லயத்துக்குக் கொண்டுவரப்போகிறார்கள், வீடு போதாது. தனியாக இருந்துகொண்டு, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களெல்லாம் ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குப் போக வேண்டும்.

ஆஸ்பத்திரி என்பது பெயர். மருந்து கிடையாது. மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர் கிடையாது, அவரையும் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே போனவர்களின் பாய் சீக்கிரமே வேறு ஒருவருக்குக் கிடைத்துவிடும். இதற்கு மேல் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன்.

சொல்ல வந்தவர் எங்கள் வேலையை மேற்பார்க்கிற காத்தமுத்து மண்டோர். வாசலை ஒட்டிய அஞ்சடித் திண்ணையில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் பேசினார்.

"நாளைக்குக் காலையில பெரட்டுல பேர் கூப்பிட்டு முடிஞ்சதும் வருவேன் தங்கச்சி. நீ அடுப்பு மூட்டணும், கிழங்கு உரிக்கணும், தண்ணி மொண்டு சமைக்கணும். நான் உக்காந்து பார்க்கணும். வேற யாரும் கை வைக்கக் கூடாது. ஜப்பான் தொர உத்தரவு."

"சரிங்கண்ணே."

"முடியுமா?"

"தினம் செய்யறதுதானே அண்ணே."

அது வீம்பு இல்லை. உண்மையாகவே தினம் செய்கிறதுதான். அவருக்கும் கொஞ்சம் நிம்மதி வந்ததுபோல இருந்தது. நான் மரவள்ளிக் கொல்லைக்குக் களை பிடுங்கப் போய்விட்டேன். அன்றைக்கு மனம் லேசாகவே இருந்தது.

பொழுது சாயத் திரும்பி வந்தேன். வாசலில் நின்றவள் ஒரு நிமிஷம் தயங்கினேன். யார் வீடு இது?

சாணி போட்டு மெழுகிய தரை. அடுப்பைச் சுற்றிச் செம்மண் கோடு. பாத்திரங்களெல்லாம் மேலே, எனக்கு எட்டாத பலகையில், வரிசையாக, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதுபோல. நடுவில் பாக்கியம், இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு.

"எப்படிக்கா?"

அகப்பையைப் பார்த்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்த காம்பு வெள்ளையாக, பென்சில் மாதிரி. கத்தியைப் பார்த்தேன். பலகையைப் பார்த்தேன், ஆணியைக் காணோம். மண்ணெண்ணெய் டின் இருந்த இடத்தில் அவள் வீட்டுப் பெரிய இரும்பு வாளி.

"பாக்கியம்... இதுல சுத்தி இருந்தது?"

"அந்த அசிங்கமா? மண்டோரு வந்து பார்த்தா என்ன நெனப்பாரு? பாராங் கத்திய வச்சுக் கீறி எடுத்துட்டேன். துருப்பிடிச்ச ஆணியையும் புடுங்கிட்டேன், கையில குத்திருமில்ல."

"எடுத்து எங்க வச்சிருக்கே?"

"வைக்கிறதா? ஒங்க சமையக்கட்டுல பகல்லயே இருட்டு. மண்ணெண்ணெ ஏது? அதக் கொளுத்தி வச்சுக்கிட்டுத்தான் மெழுகினேன். ஜோரா எரிஞ்சுச்சுக்கா! கடைசித் துண்டு வரைக்கும்!"

அந்தக் காலத்தில் தோட்டத்தில் ரப்பர்தான் எங்கள் விளக்கு. அவள் செய்ததில் தப்பே இல்லை. என் கைகளைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் என் வீட்டைச் சுத்தம் செய்து கொடுத்திருந்தாள்.

எனக்குத் திட்ட வராது. கூச்சம். வாயில் வந்தது என்ன தெரியுமா?

"நல்லா இருக்கு பாக்கியம்."

ஆனால் முகம் நான் சொல்கிறபடி கேட்கவில்லை போலிருக்கிறது. அவள் என் விரல்களைப் பார்த்தாள். அகப்பையைப் பார்த்தாள். அப்படியே அடுப்படியில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள். கடைசியில் நான்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

இருட்டிய பிறகு ரப்பர்க் காட்டுக்குள் யாரும் போகக் கூடாது. பாராக்காரன் துப்பாக்கியோடு நிற்பான். விடிந்ததும் பெரட்டு. பெரட்டு முடிந்ததும் மண்டோர். துணியாவது சுற்றலாமே என்று கேட்பீர்கள். நாங்களே சாக்கைச் சுற்றிக்கொண்டு திரிந்த காலம். அகப்பைக்கு எங்கே போவது?

*

இங்கே காத்தமுத்து அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சண்டைக்கு முன்னால் எங்களுக்கெல்லாம் மரம் வெட்டப் பழக்கியவர் அவர்தான். பழக்கினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒருவர் கையில் உளி இருப்பதை அவரால் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாது. "அப்படியில்ல... சாய்மானம் பத்தல... ஏய், பட்டையக் கொல்லாத... குடு இங்க!" என்று பிடுங்கி அவரே வெட்டிவிடுவார். வெட்டிவிட்டு, "பார்த்தியா?" என்பார். சோம்பேறிகளுக்கு அவர் பார்க்கிற நிரை, அந்த மர வரிசை, கிடைத்தால் கொண்டாட்டம். வேண்டுமென்றே உளியைக் கோணலாக வைப்பார்கள். நிரையில் பாதி மரத்தை மண்டோரே வெட்டி முடித்திருப்பார்.

நல்ல மனிதர். கைதான் அடங்காது.

அன்று காலையில் வந்தார். அஞ்சடியில் பலகையைப் போட்டு, கதவுக்கு நேராக உட்கார்ந்தார். எதிர்வீட்டு வாசல்களில் தலைகள் முளைத்தன. பாக்கியம் என் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"நீ அங்க என்ன செய்யறே?"

"சும்மா நிக்கறேன் மண்டோரு."

"கை வைக்கக் கூடாது."

"வைக்கல. இதோ, கட்டிக்கிட்டேன்."

நெருப்பு எளிது. சாம்பலுக்குள் கங்கு இருந்தது. சுள்ளியை முழங்கையால் தள்ளித் தள்ளி வைத்துப் பற்றவைத்துவிட்டேன். அவர் உச்சுக் கொட்டினார். "வெறகு அப்படியா அடுக்குவாங்க..." என்று முனகி, தன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

அடுத்தது கிழங்கு.

கீல்வாதக்காரர்களுக்குத் தெரியும்: காலை நேரம் மிகவும் மோசம். விரல்கள் இன்னும் விழித்திருக்காது. கத்தியை எடுத்தேன். நழுவியது. மறுபடி எடுத்தேன். கிழங்கு என் கையை விட்டு உருண்டு, தரையெல்லாம் ஓடி, அவர் காலடியில் போய் நின்றது.

 இரண்டு மணிக்கட்டாலும் அதை இடுக்கி எடுத்துக்கொண்டு வந்தேன். உட்கார்ந்தேன். கத்தி மறுபடி விழுந்தது.

நான் நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தேன். அந்தக் கதவைத்தான் என் வீட்டுக்காரர் வந்து தட்டுவதாகச் சொல்லியிருந்தார். நான் கொட்டகையில் கிடக்கும்போது வந்து தட்டினால் உள்ளேயிருந்து யார் திறப்பார்கள்? யாரோ முன்பின் தெரியாத குடும்பம். அவர்களுக்கு என் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

அண்ணே, எனக்கு முடியவில்லை என்று சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் மண்டோர் முந்திக்கொண்டார்.

"ஏம்மா, எவளாச்சும் கிழங்க வால் பக்கத்துலேருந்து உரிப்பாளா?"

நான் சொல்ல வந்தது உள்ளே போய்விட்டது. வேறு ஒன்று வந்தது.

"எங்க வீட்ல இப்படித்தாண்ணே வழக்கம்."

"வழக்கமா!" தொடைக்குக் கீழேயிருந்து ஒரு கை வெளியே வந்தது. "தோலு பாதி கிழங்கோட போயிருமே! மொதல்ல நடுவுல ஒரு கீறல் போடணும். நீ கீறலே போடலியே!"

"கீறணுமாண்ணே?"

"கீறணுமாவா! குடு இங்க!"

இன்னொரு கையும் வந்துவிட்டது.

முதல் கிழங்கு எனக்குக் காட்டிக்கொடுக்க. இரண்டாவது, நான் சரியாகப் பார்க்கவில்லை என்பதற்காக. மீதி ஏன் உரித்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. "பார்த்தியா?" என்றார். "பார்த்தேண்ணே" என்றேன்.

கதவுக்குப் பின்னால் பாக்கியம் முந்தானையை வாயில் திணித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

எழுந்து, வாளியை முழங்கையில் மாட்டிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தேன். அவர் பின்னாலேயே வந்தார். பார்க்க வேண்டுமே, உத்தரவாயிற்றே.

கூச்சப்படுகிறவளுக்கும் சில நேரம் புத்தி வேலை செய்யும். கயிற்றைத் தொடவில்லை. தொட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னேன்:

"நான் வாளியக் கவுத்து உள்ள போடறதுதான் வழக்கம்ணே."

"கவுத்தா?" அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "கவுத்துப் போட்டா காத்துல்ல மாட்டிக்கும்? தண்ணி எங்கேருந்து ஏறும்?"

"நாலஞ்சு தரம் போட்டா ஏறிருதுண்ணே."

"நாலஞ்சு தரமா! கயிறு என்னத்துக்கு ஆவுறது? தள்ளு!"

மொண்டார். மொண்ட வாளியைக் கீழே வைத்தால் மண் ஒட்டும் என்று அவரே வீடு வரை தூக்கி வந்தார். நான் பின்னால் கையை வீசிக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டு வாசல்களில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. சிரிக்கத்தான்.

அப்புறம் எனக்கு அதிக வேலை இருக்கவில்லை. அகப்பையைத் தப்பான பக்கமாகப் பிடிக்கப் போனேன். "கிண்டாத, மாவாப் போயிரும்" என்று வாங்கிக்கொண்டார். கிழங்கு வெந்த தண்ணீரை வடிக்க வேண்டும் என்று எழுந்தேன். "காலக் கொட்டிக்குவே, ஒக்காரு" என்றார். ஊதாங்குழலை நான் எடுக்கவே இல்லை. எப்போதோ அவர் கைக்குப் போயிருந்தது.

கடைசியில் மண்டோர் என் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகமெல்லாம் சாம்பலாக, தான் சமைத்த மரவள்ளியைத் தானே ஒரு துண்டு ருசி பார்த்தார்.

"உப்பில்ல."

"உப்பு எங்கண்ணே கெடைக்குது?"

"அதுவும் சரிதான்."

கை கழுவினார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். அஞ்சடிக்குப் போய், முதலில் உட்கார்ந்திருந்த இடத்திலேயே, முதலில் இருந்த விறைப்போடு நின்றுகொண்டார். குரலை உயர்த்தினார், லயம் முழுக்கக் கேட்க வேண்டுமில்லையா.

"சரி. பார்த்துட்டேன். தனியாவே சமாளிக்கிறே."

"ஆமாண்ணே."

"யாரும் கை வைக்கல."

"இல்லண்ணே."

"பாக்கியம், நீயும் பார்த்தியில்ல? யாரும் கை வைக்கலதானே?"

"ஐயோ, யாருமே வைக்கல மண்டோரு! இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

படி இறங்கியவர் நின்றார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

"அகப்பையில என்னமோ கருப்பாச் சுத்தி வச்சிருப்பியே தங்கச்சி. எங்க?"

"எரிஞ்சுபோச்சுண்ணே."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தோர நிரையில ஒட்டுப்பால் நல்லா கெட்டியா இருக்கும்" என்றார். போய்விட்டார்.

*

தெரிந்துதான் செய்தாரா? இல்லை, கை அடங்காமல் செய்தாரா?

எங்கள் வீட்டில் இது தீராத வழக்கு. "தெரிஞ்சுதான் செஞ்சிருக்காரு, கடைசியா ஒட்டுப்பால் எங்க இருக்குன்னு சொன்னாரே" என்பார் என் வீட்டுக்காரர். அவர் சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக வந்து, அதே கதவைத் தட்டி, நான் திறந்து... அது வேறு ஒரு வாரத்துக்கான விஷயம் இல்லை, எழுதப்போவதும் இல்லை. எனக்கும் அவருக்கும் மட்டும் உள்ளது.

நான் என்ன நினைக்கிறேன் என்றால், முதல் கிழங்கு கை அடங்காமல் உரித்தது. இரண்டாவதை உரிக்கும்போது தெரிந்துவிட்டது. காத்தமுத்து அண்ணனிடமே கேட்டிருக்கலாம். சண்டை முடிந்தபின் எத்தனையோ தரம் பார்த்தேன். கேட்கக் கூச்சம்.

வாசகர்களில் சிலர் எனக்கு அன்போடு வைத்தியம் சொல்லி அனுப்புகிறீர்கள். நல்லெண்ணெய், வெள்ளைப்பூண்டு, இஞ்சி, ஓமம் எல்லாம் தேய்த்துப் பார்த்தாயிற்று. இன்னும் கொஞ்சம் கடுகு போட்டால் என்னைத் தாளித்தே எடுத்துவிடலாம். ஒருவர், "இவ்வளவு சிரமத்தில் தனியாக எல்லாம் செய்துகொள்ள வேண்டுமென்று ஏன் பிடிவாதம்?" என்று கேட்டிருந்தார். பிடிவாதமா? யோசித்துப் பார்த்தேன்.

எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டும் என்று நான் எப்போதும் சொன்னதில்லை. அன்றைக்கு எல்லா வேலையையும் மண்டோர்தான் செய்தார். நான் என் வீட்டில் இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை அந்தப் புண்ணியவான் ஒரே ஒரு படிதான் தூக்கிவிட்டார். நான் சிரம்பானில் இருந்தேன். உதவுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? தூக்குவதற்கு முன்னால், எங்கே போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். கேட்டால் சொல்லிவிடுவேன். கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுவேன்.

பாக்கியம் இப்போதும் வருகிறாள். வந்ததும் அகப்பையைப் பார்ப்பாள், முகத்தைச் சுளிப்பாள், தொடமாட்டாள்.

மண்டோர் வந்துபோன மறுநாள் காலையில், ஆஸ்பத்திரிக் கொட்டகைக்கு ஆட்களை ஏற்றிப்போக மாட்டுவண்டி வந்தது. லயத்துக் கோடி வீட்டில் ஒருமுறை நின்றது. என் வாசலில் நிற்கவில்லை. நான் ஆற்றோர நிரைக்குப் போய் ஒட்டுப்பால் எடுத்து வந்தேன்.